முதற் பாடம் சிறு ட்ரோனில்

நமது சங்கத்தின் இளம் அங்கத்தினர்கள் சிலர் அண்மையில் ஒரு வேண்டுகோளை எழுப்பியிருக்கிறார்கள். பயிருக்கு மருந்து தெளிக்கும் ட்ரோன் ஒன்றைச் சங்கம் வாங்க வேண்டும். அதை இயக்கும் பொறுப்பைத் தாங்களே ஏற்றுக்கொள்வதாகவும் அவர்கள் சொல்லுகிறார்கள். மூத்த அங்கத்தினர்களில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. கல்யாண வீட்டில் தலைக்கு மேலே சுற்றும் விளையாட்டுச் சாமானுக்குச் சங்கத்தின் பணத்தை இறைப்பதா என்று கேட்கிறார்கள். இரு தரப்பாரின் சொல்லிலும் நியாயம் உண்டு. ஆனால் இரு தரப்பாரும் ஒரு முக்கியமான விஷயத்தை மறந்துவிட்டார்கள் என்று கருதுகிறோம். இயந்திரத்தை வாங்குவது ஒரு காரியம். அதைக் கையாளக் கற்பது வேறொரு காரியம். முன்னதற்குப் பணம் போதும். பின்னதற்குக் காலமும், பொறுமையும், விழுந்தாலும் நஷ்டமில்லாத ஒரு சிறு கருவியும் வேண்டும்.

நமது அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பெரிய ட்ரோன் ஒருநாள் வரட்டும். அதற்கு முன்பாகச் சில ஆயிரம் ரூபாயில் அடங்கும் சிறு ட்ரோன்கள் இரண்டைச் சங்கம் பொதுவில் வாங்கி, விருப்பமுள்ள இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் ஒரு கோடைகாலம் முழுவதும் பழக்கம் கொடுக்க வேண்டும். அதில் தேறியவர்களைக் கண்டபிறகே பெரிய செலவைப் பற்றிப் பேச வேண்டும்.

இந்த யோசனை நமக்குப் புதிதல்ல. நெசவாளர் வீட்டில் பிறந்த பிள்ளையை எடுத்த எடுப்பில் தறிக்குழியில் இறக்கி, பட்டுப் பாவில் கைவைக்க விடுவார் யாருமில்லை. முதலில் தார் சுற்றுகிறான். பிறகு அறுந்த இழையை முடியக் கற்கிறான். பருத்தி நூலில் துண்டு நெய்து கை படிந்தபிறகே விலையுயர்ந்த பாவு அவனை நம்பி ஏற்றப்படுகிறது. உழவர் வீட்டிலும் இதே முறைதான். புதுக் காளையைப் பழகிய காளையோடு பிணைத்து வெற்று நிலத்தில் நடத்திப் பார்த்தபிறகே ஏரில் பூட்டுகிறோம். தறிக்கும் ஏருக்கும் ஒத்த இந்த விவேகம் ஆகாயத்தில் பறக்கும் கருவிக்கு மட்டும் ஏன் ஒவ்வாமற் போக வேண்டும்?

எதை வாங்குவது?

ட்ரோன் என்பது பெரும்பாலும் நான்கு விசிறிகளால் மேலெழும்பும் ஆளில்லாச் சிறு விமானம். எதிரெதிர் மூலைகளில் உள்ள இரண்டு விசிறிகள் ஒரு திசையிலும், மற்ற இரண்டும் மறு திசையிலும் சுழல்கின்றன. நான்கும் வேகம் கூடினால் கருவி மேலே போகிறது. பின்னிரண்டும் வேகம் கூடினால் முன்னே சாய்ந்து நகர்கிறது. விசிறிகள் திசை மாறிச் சுழல்வதால் அவற்றின் இறக்கைகளும் இருவகைப்படும். உடைந்த இறக்கைக்குப் பதிலாக வேறு வகை இறக்கையைப் பொருத்தினால் கருவி எழும்பாமல் தரையிலேயே குப்புறக் கவிழும். புதிதாக வாங்குவோர் முதல் வாரத்தில் கற்கும் பாடம் பெரும்பாலும் இதுவே.

முதல் ட்ரோனைத் தேர்ந்தெடுப்பதில் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது எடை. நமது நாட்டின் 2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகள் கருவிகளை எடையைக்கொண்டே வகைப்படுத்துகின்றன. 250 கிராம் வரை உள்ளது நானோ. அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. 2 முதல் 25 கிலோ வரை சிறு வகை. அதற்கு மேலும் இரண்டு வகைகள் உண்டு. நானோவை இயக்கவும், வருமான நோக்கமின்றி மைக்ரோவை இயக்கவும் விமானிச் சான்றிதழ் தேவையில்லை. கற்பவனுக்கு 250 கிராமுக்குட்பட்டதே உகந்தது. விழுந்தால் தானும் அதிகம் உடையாது. பிறரையும் அதிகம் காயப்படுத்தாது.

இரண்டாவது, இறக்கைகளைச் சுற்றிக் காப்பு வளையமும், கடையில் தனித்தனியே கிடைக்கும் மாற்று உறுப்புகளும் இருக்க வேண்டும். உபரியாக இரண்டு மின்கலங்களேனும் வேண்டும். சிறு ட்ரோன் ஒரு மின்கலத்தில் ஏழெட்டு நிமிடத்திற்கு மேல் பறப்பது அரிது. ஒரே மின்கலத்தோடு பழகுபவன் பறக்கும் நேரத்தைக் காட்டிலும் காத்திருக்கும் நேரமே அதிகம். உயர்ந்த காமிரா முதல் ட்ரோனுக்குத் தேவையில்லை. காமிரா இருந்தால் கண் கருவியை விட்டுத் திரைக்குப் போய்விடும்.

மூன்றாவது, கருவி வந்த வழி. 2022-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் வெளிநாட்டு ட்ரோன்களை இறக்குமதி செய்வது, ஆராய்ச்சி, பாதுகாப்பு போன்ற சில தேவைகளுக்கன்றி, தடை செய்யப்பட்டிருக்கிறது. உறுப்புகளை மட்டும் வரவழைக்கலாம். கடையநல்லூரிலும் சுற்றுவட்டாரத்திலும் வளைகுடா நாடுகளில் உழைக்கும் மக்களைப் பெற்ற குடும்பங்கள் எத்தனையோ! அண்ணனோ மைத்துனனோ விடுமுறைக்கு வருகையில் ஆசையாக ஒரு ட்ரோனை வாங்கிவர நினைக்கலாம். விமான நிலையத்தின் சுங்கப் பரிசோதனையில் அது பறிபோகும் என்பதை அவர்களுக்கு முன்னதாகவே எழுதித் தெரிவித்துவிடுவது நலம்.

மின்கலத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இவற்றில் பெரும்பாலும் லித்தியம் மின்கலங்களே உள்ளன. எடை குறைவு, சக்தி அதிகம். ஆனால் முரட்டுச் சுபாவமும் உண்டு. பறந்து முடிந்த சூட்டோடு மின்னேற்றக் கூடாது. இரவில் மின்னேற்றத்தில் போட்டுவிட்டு உறங்கக் கூடாது. உப்பிய மின்கலத்தை மறுபடி உபயோகிக்கலாகாது. பல நாள் பறக்கவிடாமல் வைப்பதானால் பாதியளவு மின்சக்தியோடு குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். நூல் மூட்டையும் வைக்கோலும் இருக்கும் வீட்டில் இது வெறும் கருவி நலத்தைப் பற்றிய பேச்சன்று. வீட்டின் நலத்தைப் பற்றியது.

எப்பொழுது, எப்படிக் கற்பது?

தென்காசிக்காரருக்குக் காற்றைப் பற்றிப் பாடம் சொல்ல வேண்டியதில்லை. ஆனி பிறந்தால் செங்கோட்டைக் கணவாய் வழியே புறப்படும் காற்று சாரலையும் சுமந்துகொண்டு நம் ஊர்களின்மேல் பாய்கிறது. சுரண்டைப் பக்கம் காற்றாலைகள் நிற்பதற்கும் அதுவே காரணம். குற்றால சீசன் கோலாகலமாக இருக்கும் அந்த மாதங்கள் ட்ரோன் கற்பவனுக்கு ஆகாத மாதங்கள். சில நூறு கிராம் எடையுள்ள கருவியை அந்தக் காற்று காய்ந்த இலையைப்போல் அடித்துச் செல்லும். விடுமுறைக்கு வந்தவர்கள் ஆடி மாதத்தில் முதல் ட்ரோனைப் பறக்கவிட்டு, அதைத் தேடிக்கொண்டு வரப்பு வரப்பாக அலைவதை நாம் பார்த்திருக்கிறோம்.

பிசானம் அறுவடையானபின் மாசி, பங்குனி மாதங்களில் வயல்கள் தரிசாகக் கிடக்கும், காற்றும் அடங்கியிருக்கும். அதுவே நமது பள்ளிக்கூடம். விடியற்காலை ஆறு முதல் எட்டு வரை அதன் பாட வேளை. மின்கம்பியும், தென்னையும், ஆள் நடமாட்டமும் இல்லாத ஒரு வயல் போதும்.

முதல் சில நாட்கள் வீட்டுக் கூடத்திலோ சங்கக் கட்டிடத்திலோ காப்பு வளையத்தோடு பழகலாம். கணினியில் பறக்கும் பயிற்சிக்கென்றே உள்ள விளையாட்டுகளும் உதவும். அங்கே நூறு முறை விழுந்தாலும் செலவில்லை. பின்னர் வயலுக்கு வரவேண்டும். கருவியின் வால் நம்மை நோக்கியிருக்க, கண்மட்ட உயரத்தில் ஒரே இடத்தில் அசையாமல் நிறுத்திவைப்பதே முதற் பாடம். இது எளிதென்று தோன்றும். செய்து பார்த்தவர்களுக்கே அதன் அருமை தெரியும். அதில் கை நிலைத்தபின் முன்னும் பின்னும், இடமும் வலமும் நகர்த்தலாம். பிறகு சதுரம், பிறகு வட்டம்.

அடுத்து வருவதே உண்மையான தேர்வு. கருவியின் முகம் நம்மை நோக்கித் திரும்பினால் இடமும் வலமும் மாறிவிடும். வலப்புறம் தள்ளினால் அது நமக்கு இடப்புறம் போகும். முதற் பாடத்தில் கெட்டிக்காரராகத் தெரிந்தவர் பலர் இங்கே தடுமாறிக் கருவியை வரப்பில் மோதுவார்கள். முகம் எதிரே இருக்கும்போதும் அசையாமல் நிறுத்தவும், எட்டு வடிவத்தில் சுற்றவும் யாருக்குக் கைவருகிறதோ, அவரே ஓட்டத் தெரிந்தவர். திசையைப் பற்றி மனத்தால் கணக்குப் போடாமல் விரல் தானாகச் செல்ல வேண்டும். நாடா எங்கே வருகிறது என்று நெசவாளர் யோசித்துக்கொண்டா மிதிக்கிறார்?

துணைக்கோளின் உதவியால் தானே நிலைநின்று, புறப்பட்ட இடத்திற்குத் தானே திரும்பும் ட்ரோன்கள் இப்பொழுது இருக்கின்றன. அவை நல்லவையே, இரண்டாவது கருவியாக அவற்றை வாங்கலாம். ஆனால் முதலிலேயே அவற்றில் பழகியவருக்குக் கருவி தன் புத்தியை இழக்கும் தருணத்தில் கைகொடுக்க ஒன்றுமிராது. மேலும் திரும்பிவரும் உயரத்தை நாம்தான் முன்கூட்டிக் குறிக்க வேண்டும். நமது தோப்புகளில் தென்னை எழுபது எண்பது அடி வளர்ந்து நிற்கிறது. ஐம்பது அடி என்று குறித்துவிட்டால் கருவி விசுவாசத்தோடு திரும்பிவந்து மட்டையிலே மாட்டிக்கொள்ளும்.

எங்கே கூடாது?

பசுமை மண்டலம் எனக் குறிக்கப்பட்ட இடங்களில் 400 அடி உயரம் வரை தனி அனுமதி வேண்டியதில்லை. மஞ்சள், சிவப்பு மண்டலங்களுக்கு அனுமதி வேண்டும். இந்த மண்டலங்களைக் காட்டும் வரைபடத்தை மத்திய விமானப் போக்குவரத்துத் துறை இணையத்தில் வெளியிட்டிருக்கிறது. பறக்கவிடுமுன் அன்றன்றைக்குப் பார்த்துக்கொள்ள வேண்டும். கருவியைப் பதிவு செய்து தனி அடையாள எண் பெறவேண்டும் என்பதும், நானோவுக்கு மேற்பட்டவற்றிற்குப் பிறருக்கு நேரும் நஷ்டத்திற்கான காப்புறுதி வேண்டும் என்பதும் விதிகளில் உண்டு. மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமிருக்கிறது. அரைக்கிலோ ட்ரோனைக் கொண்டு கூலிக்குக் கல்யாணப் படம் எடுக்கப் போகும் தம்பிகள், அது வருமானத்திற்கான இயக்கம் என்பதையும் அதற்குச் சான்றிதழ் வேண்டும் என்பதையும் மறக்கலாகாது.

சட்டம் ஒருபுறமிருக்க, அண்டை அயலாரிடம் காட்ட வேண்டிய மரியாதையும் ஒன்றுண்டு. அருவிக்கரையில் ஆயிரக்கணக்கானோர் குளித்துக்கொண்டிருக்கையில் அவர்கள் தலைக்கு மேலே காமிராவைப் பறக்கவிடுவது அபாயம் மட்டுமல்ல, அநாகரிகமும் ஆகும். அதற்கப்பாலுள்ள மலைக்காடு வனவிலங்குகளின் வீடு. அங்கே வனத்துறையின் அனுமதியின்றி எதையும் பறக்கவிடலாகாது. சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தி வயல்களைப் பார்க்க வருவோர் பலர். அந்தப் பூ உழவருடைய விளைச்சல் என்பதை நினைப்போர் சிலர். நமது சங்கத்தின் பிள்ளைகளாவது வயலுக்குடையவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பறக்கவிடும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே கைக்கொள்ளட்டும்.

இத்தனை முன்னேற்பாடு ஏன்?

தெளிக்கும் ட்ரோனைப் பற்றிய கேள்விக்கு வருவோம். பத்து லிட்டர் தொட்டி பொருத்திய ட்ரோன் ஓர் ஏக்கரை ஏறக்குறைய பத்து நிமிடத்தில் தெளித்து முடிக்கிறது. கைத்தெளிப்பானுக்கு ஏக்கருக்கு நூறு, இருநூறு லிட்டர் தண்ணீர் செலவாகும் இடத்தில் இதற்குப் பத்து லிட்டரே போதுமானதாக இருக்கிறது. ஜப்பானில் 1980-களின் இறுதியிலிருந்தே ஆளில்லாச் சிறு ஹெலிகாப்டர்கள் நெல் வயல்களில் மருந்து தெளித்து வருகின்றன. நமது நாட்டின் மாபெரும் உரக் கூட்டுறவு நிறுவனமான இப்கோ, 2021-இல் நானோ யூரியாவை வெளியிட்டு, அதைத் தெளிப்பதற்கென்று 2,500 ட்ரோன்கள் வாங்கப்போவதாகப் பின்னர் அறிவித்தது. எனவே இது விளையாட்டுச் சாமான் அன்று என்பதை மூத்த அங்கத்தினர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் அதே ட்ரோன் கை பழகாதவரிடம் என்ன செய்யும்? சிறு ட்ரோன் விழுந்தால் இறக்கை உடையும். தொட்டி நிறைந்த ட்ரோன் விழுந்தால் இருபது கிலோவுக்கு மேற்பட்ட பாரம் நச்சு மருந்தோடு விழுகிறது. அது விழாமலே நேரும் தீங்கு இன்னும் பெரிது. காற்றின் போக்கை அறியாமல் உயரத்திலிருந்து தெளித்தால் மருந்து அடுத்தவர் வெற்றிலைக் கொடியிலும், குளத்துத் தண்ணீரிலும், தேனீயின்மேலும் படியும். அண்டை மாநிலத்துக் காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களின்மேல் ஹெலிகாப்டர் மூலம் பல ஆண்டுகள் எண்டோசல்பான் தெளித்தார்கள். 2000-ஆம் ஆண்டில்தான் அது நின்றது. அந்த ஊர் மக்கள் பட்ட அவதியை நாடறியும். அந்த மருந்தை உச்சநீதிமன்றம் 2011-இல் நாடெங்கும் தடை செய்தது. ட்ரோன் தாழப் பறப்பது. ஹெலிகாப்டரோடு அதை ஒன்றாக எண்ணுவதற்கில்லை. எனினும், வானிலிருந்து பெய்யும் மருந்துக்கு வேலி கிடையாது என்ற பாடம் இரண்டுக்கும் பொதுவானது. 2021 டிசம்பரில் மத்திய வேளாண்மை அமைச்சகம் ட்ரோன் தெளிப்புக்கென்று நடைமுறை விதிகளை வெளியிட்டதும் இதுபற்றியே.

பணக் கணக்கையும் பார்ப்போம். உழவர் கூட்டுறவுச் சங்கங்கள் நடத்தும் வாடகை மையங்களுக்கு ட்ரோனின் அடிப்படை விலையில் 40 சதவீதம், அதிகபட்சம் 4 லட்சம் ரூபாய், மானியமாக வழங்க 2022-ஆம் ஆண்டில் மத்திய அரசு வகை செய்தது. மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு 80 சதவீதம், 8 லட்சம் ரூபாய் வரை தரும் திட்டம் 2023 நவம்பரில் தொடங்கப்பட்டது. இப்பொழுது எந்த உதவி எந்த அளவில் கிடைக்கும் என்பதை வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் நேரில் கேட்டறிய வேண்டும். பத்து லட்ச ரூபாய் கருவிக்கு நான்கு லட்சம் மானியம் கிடைத்தாலும் மீதி ஆறு லட்சம் நம்முடையது. அதில் உழவரின் பங்குத் தொகையும் இருக்கிறது. நெசவாளரின் பங்குத் தொகையும் இருக்கிறது. மின்கலங்கள் தேய்ந்தால் மறுபடி வாங்கும் செலவு அதற்கு மேல். அப்படிப்பட்ட கருவியை ஒருவர் தமது முதற் பாடத்திற்கு எடுப்பதை நாம் எவ்வாறு சம்மதிக்க முடியும்?

அரசு அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையத்தில் சில நாட்களில் விமானிச் சான்றிதழ் பெறலாமே என்று கேட்கலாம். பெறத்தான் வேண்டும்; பதினெட்டு வயதும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் அதற்கு அவசியம். ஆனால் சில நாட்களில் கிடைப்பது சான்றிதழ். கைப்பழக்கம் அவ்வளவு சீக்கிரம் கிடைப்பதில்லை. சிறு ட்ரோனில் ஒரு கோடை பழகியவர் அந்தப் பயிற்சிக்குப் போனால் கட்டணத்திற்கு முழுப் பலன் பெற்றுத் திரும்புவார்.

யாருக்கு முதலிடம்?

நெசவாளருக்கு இதனால் என்ன லாபம் என்ற கேள்வி எழும். ட்ரோன் தறியில் ஒரு முழம் கூட நெய்துகொடுக்காது என்பதை ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறோம். ஆயினும் தறியில் வளர்ந்த கைகளுக்கு இருகைகளையும் தனித்தனியே, ஒரே தாளத்தில் இயக்கும் திறமை இயல்பாகவே அமைந்திருக்கிறது. வேலை குறைந்த வீடுகளின் பிள்ளைகளுக்கு இது மற்றொரு பிழைப்புக்கு வழி திறக்கலாம். வாடகை வருமானம் சங்கத்தின் பொதுக் கணக்கில் சேர்வதால் அதன் பங்கு அவர்களுக்கும் உண்டு.

இதைவிடக் கடினமான கேள்வி வேறு. இன்று கைத்தெளிப்பானை முதுகில் சுமந்து கூலி பெறும் தொழிலாளிகள் என்ன ஆவார்கள்? அவர்களுடைய வேலை சுகமானதல்ல. 2017-இல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்தவர்களில் இருபதுக்கு மேற்பட்டோர் நச்சுக் காற்றால் மாண்டார்கள். அந்தச் சுமை முதுகிலிருந்து இறங்குவது நல்லதே. ஆனால் சுமையோடு கூலியும் சேர்ந்து இறங்குவது நியாயமாகாது. ஆகவே பழகும் வகுப்பில் முதலிடம் அவர்களுக்கும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தரப்பட வேண்டும். எந்த வயலில் எப்போது காற்று மாறும், எந்தப் பயிரின் எந்த இலையடியில் பூச்சி ஒளிந்திருக்கும் என்பதை அவர்களைக் காட்டிலும் அறிந்தவர் நம்மில் யாருமில்லை. விரல் பழக்கத்தை அவர்களுக்குக் கற்பித்துவிடலாம்; அவர்களுடைய அனுபவத்தைக் கடையில் வாங்க முடியாது.

எனவே அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தின் ஆலோசனைக்கு மூன்று யோசனைகளை முன்வைக்கிறோம். 250 கிராமுக்குட்பட்ட சிறு ட்ரோன்கள் இரண்டையும், உபரி மின்கலங்களையும், இறக்கைகளையும் சங்கம் வாங்கட்டும். பிசானம் அறுவடையானதும் பன்னிரண்டு பேர் கொண்ட வகுப்பு ஒன்றைத் தொடங்கி, அதில் பாதி இடங்களை மருந்தடிக்கும் தொழிலாளர் குடும்பங்களுக்கும், எஞ்சியவற்றில் சரிபாதியைப் பெண்களுக்கும் ஒதுக்கட்டும். எட்டு வடிவத்தைத் தவறாமல் சுற்றிக்காட்டும் இருவரைச் சங்கச் செலவில் சான்றிதழ்ப் பயிற்சிக்கு அனுப்பட்டும். அவர்கள் தேறி வந்தபிறகு, பெரிய ட்ரோனை வாங்கும் தீர்மானத்தை நாமே முன்மொழிவோம்.

இளைஞர்களுக்கு இது தாமதமாகத் தோன்றலாம். ஒரு கோடைதானே! அறுத்த வயலின் வைக்கோலில் சிறு ட்ரோன் எத்தனை முறை விழுந்தாலும் சங்கத்திற்கு நஷ்டமில்லை. அங்கே விழுந்து எழுந்த கைகளிடம் ஆறு லட்ச ரூபாயையும், அண்டை வீட்டாரின் குளத்தையும் ஒப்படைக்க அங்கத்தினர் எவரும் தயங்கமாட்டார்.